ஜனவரிச் சீட்டு

"இது ரெண்டு விதமா இருக்கலாம்" என்றார் டாக்டர் நிருபமா. மேஜைமேல் இரண்டு சீட்டுகளை அருகருகே வைத்திருந்தார். ஒன்று ஜனவரியில் எடுத்தது, ஓரமெல்லாம் மடங்கிப்போனது. மற்றது நேற்று வந்தது. "ஒண்ணு, இந்த ஹெபடைட்டிஸ் சி முன்னாடியே உடம்புல இருந்து, ஜனவரி டெஸ்ட்டுல தெரியாம போயிருக்கலாம். இல்லேன்னா நடுவுல புதுசா..."

"புதுசுதான் மேடம்" என்றான் பீட்டர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"ஒரு பொம்பளகிட்ட போயிட்டேன் மேடம். ஆகஸ்ட்ல, ஒரு தபா. ஓசூர்ல. பழைய லாரி சிநேகிதன் ஒர்த்தன் வந்திருந்தான்."

பக்கத்து ஸ்டூலில் ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மனைவி லூர்துமேரி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. பத்து மாதமாக இந்த அறைக்கு வருகிறார்கள். எந்தக் கேள்விக்கும் பீட்டர் நேராகப் பதில் சொன்னது கிடையாது. சாப்பிட்டீங்களா என்று கேட்டால்கூட இவள் பக்கம் திரும்பி, இவள் தலையாட்டிய பிறகுதான் 'சாப்ட்டேன் மேடம்' என்பான். அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்றைக்குக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறான். மஞ்சள் பூத்த கண்ணை டாக்டர் முகத்தைவிட்டு எடுக்காமல் சொல்கிறான். இவள் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, எந்தக் காரணம் கொண்டும் மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன், வாரம் ஒருமுறை ரத்தம் கொடுத்து ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று தமிழும் கன்னடமும் கலந்து சொன்னார். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். லூர்துமேரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் அப்படி ஆனதற்கு நியாயம் இருந்தது. பீட்டர் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவன். குழி மூடப்போகிறது என்ற பேச்சு வலுத்த காலத்தில், தொண்ணூற்றேழில், கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பம்பாய் லாரியில் ஏறினான். இரண்டு வருஷம் ஓட்டினான். பிறகு அதுவும் வேண்டாமென்று பெங்களூர் வந்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்து, நீலசந்திராவில் ஒற்றை அறை வீடு பிடித்து, மனைவியைக் கூட்டிவந்தான். இந்த 2005 ஜனவரியில் இருமல் நிற்கவில்லையென்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டி.பி. என்றார்கள். டி.பி.க்குப் பின்னாலேயே எச்.ஐ.வி. என்றார்கள். அன்று ராத்திரியே பீட்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். லாரி, தாபா, பம்பாய் ரூட்டில் இருந்த அந்த இடம், எத்தனை தடவை, எல்லாம். லூர்துமேரி கையில் கிடைத்த அலுமினியக் குண்டானை அவன்மேல் வீசினாள். இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மூன்றாம் நாள் தனக்கும் டெஸ்ட் எடுத்துக்கொண்டாள், தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டாள், வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தாள். கஞ்சியை அவன் கையில் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நடந்தது நடந்துபோச்சி. இன்னொரு தபான்னு ஒண்ணு வந்துச்சின்னா அன்னிக்கே நான் கெளம்பிடுவேன். அப்பால நீ சாவு, பொழை, எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு அவள் செய்ததை யாரும் செய்யமாட்டார்கள். காலை எட்டு, ராத்திரி எட்டு என்று கடிகாரத்தில் மணி வைத்து மாத்திரை கொடுத்தாள். அவன் வாந்தியெடுத்தால் துடைத்தாள். முட்டை, கேழ்வரகு, நிலக்கடலை என்று கார்மென்ட்ஸ் சம்பளம் முழுவதையும் அவன் வாயில் போட்டாள். ஜனவரியில் முப்பத்தொன்பது கிலோ இருந்தவன் அக்டோபரில் ஐம்பத்திரண்டு. நோயோடு சண்டை போடும் அணுக்களை எண்ணிச் சொல்லும் அந்த சி.டி.4 கணக்கு முப்பத்தெட்டிலிருந்து இருநூற்று நாற்பதுக்கு ஏறியது. 'உங்க புருஷனுக்கு நீங்கதான் மருந்து' என்று ஆஸ்பத்திரி கவுன்சிலர் சொன்னபோது லூர்துமேரிக்கு வெட்கமாகவும் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. இப்போது அந்தக் கர்வத்தை நினைத்தால்தான் வயிறு எரிந்தது. தின்றுகொழுக்க வைத்து ஓசூருக்கு அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதானே?

வீட்டுக்கு வந்தும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரங்களைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். கத்தவும் வழியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கிற வீடு. எட்டு மணிக்கு மணி அடித்தது. மாத்திரையை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரை வைக்காமல் நகர்ந்துவிட்டாள். பீட்டர் எழுந்து தானே மொண்டு குடித்தான்.

"எதுனா சொல்லு மேரி."

"இன்னா சொல்லணும்?"

"திட்டு. அடி."

"அதுக்கும் ஒரு மனுஷன் வோணும்" என்றாள்.

மறுநாள் ஃபாக்டரியில் அவளுக்குக் கை ஓடவில்லை. லூர்துமேரி செக்கிங் செக்‌ஷனில் இருப்பவள். தைத்து வரும் சட்டையை விரித்து, காலர், கை, பாக்கெட், பட்டன் என்று கண்ணை ஓட்டி, எங்கே பிசகியிருக்கிறதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. ஆறு வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய தையல் கிடையாது என்று பேர். அன்றைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்த சட்டைகூட அவளைத் தாண்டிப் போய்விட்டது. சூப்பர்வைசர் ஃபாத்திமா அதைத் தூக்கிக் காட்டி, "ஏன் மேரி, இத எவன் போட்டுக்குவான்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்துமேரி சிரிக்கவில்லை. அவள் ஆகஸ்ட் மாதத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் எந்த நாள்? தான் ஓவர்டைம் நின்ற சனிக்கிழமையா? அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவன் தலை ஈரமாக இருந்ததா? எந்தப் பக்கம் புரட்டினாலும் ஸ்டிக்கர் ஒட்ட ஓரிடம் அகப்படவில்லை. ஆனால் பிசகு எங்கேயோ இருந்தது. டாக்டர் 'புதுசா' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவன் பாய்ந்தானே, அதுதான் அவளை அரித்தது. தப்புச் செய்தவன் ஒளித்துவைப்பான். இவன் எதற்கு முந்திக்கொண்டு ஓடி வந்து ஒப்புக்கொள்கிறான்?

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரி லேபுக்குப் போனாள். அங்கே ரத்தம் எடுக்கிற நோரா ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, ஊசி குத்தும்போது மட்டும் ராணுவம்போல முகம். மற்ற நேரத்தில் வாய் ஓயாது. பீட்டரின் கையில் நரம்பு அகப்படாத நாட்களில் லூர்துமேரியோடு பேசிப் பேசியே தேடிப் பிடித்தவள்.

"நோராம்மா, ஒண்ணு கேக்கறேன். இந்த சி எந்த மாசம் வந்துச்சின்னு ரத்தத்துல எழுதியிருக்குமா?"

"அதெல்லாம் டேட் போட்டு வராதும்மா" என்று நோரா சிரித்தாள். லூர்துமேரி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். லூர்துமேரி எல்லாவற்றையும் சொன்னாள். ஓசூரையும் சொன்னாள். சொல்லும்போது மூக்கை முந்தானையில் சிந்தி, மறுபடி சொன்னாள்.

"இங்க பாரு மேரி" என்றாள் நோரா. "இந்த டெஸ்ட் வைரஸைப் பாக்காது. வைரஸோட உடம்பு சண்டை போட்டுச்சா, அந்தச் சண்டையோட அடையாளம் ரத்தத்துல இருக்கான்னுதான் பாக்கும். ஜனவரில உன் புருஷனுக்கு சி.டி.4 எவ்ளோ இருந்துச்சு?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டை வெச்சுக்கிட்டு உடம்பு என்னத்தச் சண்டை போடும்? அந்த எச்.ஐ.வி. எல்லாத் தெம்பையும் தின்னுட்டு உக்காந்திருந்துச்சு. வீட்டுக்குள்ள திருடன் இருக்கான், நாய் பட்டினில சுருண்டு கெடக்கு. கொரைக்கல. நாய் கொரைக்கல, அதனால திருடன் இல்லன்னு நாங்க சீட்டு எழுதிக் குடுத்துட்டோம். இப்ப நீ பத்து மாசமா சோறு போட்டிருக்க. எழுந்து நின்னு கொரைக்குது. இந்த மஞ்சக் காமாலைகூடப் பாதி அந்தச் சண்டைதான். வைரஸை அடிக்கறேன்னு உடம்பு ஈரலையும் சேத்துப் போட்டு அடிக்குது. மீதி அந்த மாத்திரை பண்ணதா இருக்கும்."

"அப்ப பழசா?"

"எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"தொண்ணூத்திரெண்டுல. குழியில பாறை வுழுந்து இடுப்பு ஒடஞ்சிடுச்சி. ஒம்போது பாட்டில் ஏத்துனாங்க."

"அப்பல்லாம் ஹெபடைட்டிஸ் சிக்கு டெஸ்ட்டே கெடையாதும்மா. பழசுன்னுதான் எனக்குத் தோணுது."

"பொம்பளகிட்ட போனா வருமா வராதா? அதச் சொல்லுங்க."

நோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ரொம்ப அபூர்வம். இது ரத்தத்துல வர்றது. உனக்கே வரல பாரு. ஆனா அவன் உடம்பு இருக்கற நிலைமையில வரவே வராதுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது மேரி."

அன்று லூர்துமேரி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தாள். வெயில், புகை, ஆட்டோக்காரர்களின் கூப்பாடு எதுவும் உறைக்கவில்லை. பழசாக இருந்தால் அவன் ஓசூருக்குப் போயிருக்கவேண்டியதே இல்லை. போகாதவன் ஏன் போனேன் என்கிறான்? நடந்தே நீலசந்திராவுக்கு வந்து, கதவைத் தள்ளி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"எந்த லாட்ஜி?"

பீட்டர் டியூட்டிக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். "இன்னா?"

"ஓசூர்ல எந்த லாட்ஜி? பஸ் ஸ்டாண்டு பக்கமா, மலை பக்கமா? அந்த சிநேகிதன் பேர் இன்னா? எந்த ஊரு லாரி?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"சொல்லுயா! அன்னிக்கு ஜனவரில அவ்ளோ விவரமா சொன்னியே. அந்தக் கட்டில்ல போட்டிருந்த பெட்ஷீட்டு கலரு மொதக்கொண்டு சொன்னியே, நான் கேக்காமயே. இப்ப சொல்லு."

பீட்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பட்டனைப் போட்ட கை பட்டனிலேயே நின்றது. "பழசுன்னா மோனிகாவுக்கும் இருக்கும் மேரி" என்றான்.

மோனிகா யார் என்று லூர்துமேரிக்குச் சொல்லவேண்டியதில்லை. பீட்டரோடு ஒரே ஷிஃப்டில் குழி இறங்கிய டேவிட்டின் மனைவி. டேவிட் நுரையீரலில் பாறைத்தூசு அடைத்துச் செத்து நான்கு வருஷமாகிறது. தங்கவயலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ரத்தம் வேண்டுமென்று சொல்லிவிட்டால் ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் குளிக்கக்கூடப் போகமாட்டார்கள். அப்படியே ஆஸ்பத்திரி வாசலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கேட்டுக்கொள்வதும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. ரத்தம் கொடுத்தவன் வீட்டுக்கு மறுநாள் ஒரு தட்டு ஆட்டு ஈரல் வறுவல் வரும், அத்தோடு சரி. தொண்ணூற்றிரண்டில் பீட்டருக்கு அப்படித்தான் ஒன்பது பேர் நின்றார்கள். அதில் யாருக்கு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தொண்ணூற்றாறில் மோனிகாவுக்குக் குழந்தை பிறந்த கையோடு ரத்தம் நிற்காமல் போனபோது, ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில், குரூப் ஒத்துப்போய் முதலில் கையை நீட்டியவன் பீட்டர். அங்கே எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. இவன் கையிலிருந்து எடுத்தார்கள், அவள் கையில் ஏற்றினார்கள்.

"ஜனவரில எனக்கு இதுன்னு தெரிஞ்சப்ப போனேன்" என்றான் பீட்டர். "உங்கிட்ட சொல்லல. ரயிலேறிப் போயி, மோனிகா, ஒரு டெஸ்ட் எடுத்துக்கமான்னு சொன்னேன். லாரிக்குப் போனது அதுக்கப்பாலதான், உனக்கு இருக்காதுன்னும் சொன்னேன். அவ நம்பல. ரிசல்ட்டு வர ஒம்போது நாளு. ஒம்போது நாளும் பொண்ண தொடலையாம் மேரி. பக்கத்து வூட்டுல படுக்க வெச்சாளாம். தனித் தட்டுல சாப்ட்டாளாம். இல்லன்னு வந்துச்சி. கேக்க மறுபடி போனேன். அந்தச் சீட்ட முத்தம் குடுத்துட்டு எங்கிட்ட சொன்னா, அண்ணா, இனிமே எங்க வூட்டுக்கு வராதீங்க. வேற எதுவுமில்லயேண்ணான்னு கேட்டா. நான் என் சீட்ட காட்டினேன். சி இல்லன்னு போட்டிருந்துச்சி. இது ஒண்ணுதாம்மான்னு சத்தியம் பண்ணேன்."

"அதுக்கு?"

"அதுக்கு இப்ப மறுபடியும் போயி அந்த வாசல்ல நிக்கச் சொல்றியா? புதுசுன்னா அவளுக்கு ஒண்ணுமில்ல. புதுசாவே இருக்கட்டும்."

"நீ சொன்னா அது புதுசா ஆயிடுமா? பைத்தியக்காரா!" என்று லூர்துமேரி கத்தினாள். சுவருக்கு அப்பால் இருப்பவர்களைப் பற்றிய நினைப்பு போய்விட்டது. "நான் வூட்ட விட்டுப் போயிருந்தா? அப்டியே நடுத்தெருவுல கெடந்து செத்திருப்ப. எம் மூஞ்சியவிட அவ மூஞ்சி பெருசாப் போச்சா உனக்கு?"

"நீ திட்டுவ, அடிப்ப" என்றான் பீட்டர். "அவ எதுவும் செய்யமாட்டா. தன் பொண்ணத் திரும்பிப் பாப்பா. அத என்னால தாங்க முடியாது."

லூர்துமேரி குடத்தோடு வெளியே வந்து பொதுக் குழாயடியில் நின்றாள். அழுகை வந்தது, கோபம் வந்தது, நடுவில் சிரிப்புக்கூட வந்தது. இரண்டு நாள் முன்னால் இவனைச் செருப்பால் அடிக்கவேண்டுமென்று இருந்தது. இப்போது அதே செருப்பால் வேறு காரணத்துக்காக அடிக்கவேண்டும். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அன்றைக்கு மூஞ்சியை நேராக வைத்துக்கொண்டு டாக்டரிடம் பொய் சொன்னவன்தானே இவன்? அது பொய்யென்றால் இது மட்டும் நிஜம் என்பதற்கு என்ன சாட்சி? ஓசூருக்குப் போய்விட்டு வந்து, இவள் கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டு, மோனிகாவை இழுத்துக் கதை கட்டுகிறானோ? நோரா கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன் என்றாள். வேறு யார் போடுவார்கள்?

மோனிகாவின் ரத்தம் போடும். மோனிகாவுக்கு சி இருந்தால் பீட்டருக்கு அது தொண்ணூற்றாறிலேயே இருந்திருக்கிறது. ஓசூர் பொய். லூர்துமேரியின் வீடு வீடாகவே இருக்கும். மோனிகாவுக்கு இல்லையென்றால்...

அப்படியானால் மோனிகாவுக்கு இருக்கவேண்டும் என்று தன் மனசு வேண்டிக்கொள்கிறது என்பது லூர்துமேரிக்கு அந்தக் குழாயடியிலேயே தெரிந்துவிட்டது. "அடிப் பாவி" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் குடம் வைத்திருந்தவள் தன்னைத்தான் சொல்கிறாள் என்று முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு காலை ரயிலில் தங்கவயலுக்குப் போனாள். பீட்டர் வரவில்லை. ரயிலில் உட்கார இடம் இருந்தும் வாசல் பக்கம் நின்றுகொண்டே போனாள். இதைச் சொல்லப்போவது மோனிகாவின் நல்லதுக்குத்தான், மருந்து மாயம் பார்க்கலாம், தெரியாமல் இருப்பதைவிடத் தெரிவது மேல் என்று தனக்குத்தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டாள். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். ஆனால் நியாயத்துக்காக மட்டும் ரயிலேறியிருந்தால் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளாது.

மோனிகா சுரங்கக் குடியிருப்பின் லைன் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு தையல் கம்பெனிக்குத் தினமும் விடியற்காலை ரயிலில் வந்துபோகிறவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் துணி துவைக்கிற நாள். லூர்துமேரியைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க அண்ணி" என்று வாய் சொன்னது. கண் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது.

உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தாள். ஒன்பது வயது ஜூடித் கணக்கு நோட்டோடு வந்து எட்டிப்பார்த்தாள். மோனிகா அவளைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினாள். வந்த விஷயம் இன்னதென்று அவளுக்குப் பாதி புரிந்திருக்கும். லூர்துமேரி சொல்லவேண்டியதைச் சொன்னாள். ஜனவரிச் சீட்டு எப்படி 'இல்லை' என்று வந்தது, நாய் ஏன் குரைக்கவில்லை, இப்போது ஏன் குரைக்கிறது, எல்லாம் நோரா சொன்ன மாதிரியே சொன்னாள். ஓசூரைச் சொல்லவில்லை.

மோனிகா கத்தவில்லை. டம்ளரில் இருந்த டீயை ஆடை படிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜூடித்துக்கு?" என்று கேட்டாள்.

"அவ பொறந்த அப்பாலதான் உனக்கு ரத்தம் ஏத்துனாங்க. அவளுக்குப் பயமில்லன்னு நேத்து கேட்டப்ப நோராம்மா சொன்னாங்க. எதுக்கும் அவளுக்கும் ஒரு தபா பாத்துடலாம்."

"ரெண்டு வருஷமா அசதி அண்ணி. சாயங்கால ரயில்ல நின்னுகினே தூங்கிடறேன். வேலைதான்னு நெனச்சிகினு இருந்தேன்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணன் ஏன் வர்ல?" என்றாள்.

"பயந்துகினு கீறாரு."

"வராதீங்கன்னு நான்தான சொன்னேன்." மோனிகா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அன்னிக்கு இருமிகினே தனியா வந்தாரு. தண்ணிகூட குடுக்கல நானு. குடுத்தா டம்ளர இன்னா பண்றதுன்னு பயம். அவர் ரத்தம் இல்லாங்காட்டி எம் பொண்ணுக்கு அம்மாவே இருந்திருக்கமாட்டா. அப்டிப்பட்டவருக்குத் தண்ணி குடுக்கல. எத்தினி நாளு தூக்கம் வர்ல தெரியுமா அண்ணி?"

லூர்துமேரியால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து, வாசலில் பாதி அலசிக்கிடந்த துணியைப் பிழிந்து கொடியில் போட ஆரம்பித்தாள். வேண்டாம் அண்ணி, நீங்க ஏன் என்று மோனிகா ஓடிவந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு போர்வையைப் பிழிந்தார்கள்.

புதன்கிழமை காலை மோனிகா லேபுக்கு வந்தாள். நோரா ராணுவ முகத்தோடு ஊசி குத்தி, பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டாள். "உனக்கு உடம்புல தெம்பு இருக்கும்மா. உன் டெஸ்ட் பொய் சொல்லாது. மூணு மணிக்குத் தர்றேன்" என்றாள். சொல்லும்போது மோனிகாவின் தோளுக்கு மேலே லூர்துமேரியை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரைத் தவிர ஓசூர்க் கதை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லூர்துமேரி உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் வாங்கிவந்தாள், மறுபடி எழுந்தாள். கட்டிவந்த புளிச்சோற்றை மோனிகாவுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் மூடிவைத்தாள். இரண்டரை மணிக்கு மாடிப்படிக்குக் கீழே காக்கிச் சட்டை தெரிந்தது. பீட்டர். டியூட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, படியின் கைப்பிடியைத் தாண்டி ஓரடிகூட வைக்காமல் நின்றான். மோனிகா அவனைப் பார்த்தாள். "அண்ணா, வந்து உக்காருங்க" என்றாள். அவன் தலையை அசைத்துவிட்டு அங்கேயே நின்றான். நடப்பது தெரியாதவர்கள் யாராவது பார்த்திருந்தால் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என்று நினைத்திருப்பார்கள்.

மணி மூன்றை நெருங்கியது. மோனிகா லூர்துமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, எனக்கு ஒரு வார்த்தகூட வர மாட்டேங்குது. எல்லாம் மறந்துபோச்சி. நீங்க எனக்காக வேண்டிக்கோங்க. ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கோங்க."

"வேண்டிக்கறேன் மோனி."

"மனசுக்குள்ள வேணாம். வாய்விட்டு சொல்லுங்க, நானும் கூடச் சொல்றேன்."

லூர்துமேரி கண்ணை மூடினாள். மாதாவுக்கான மங்கள வார்த்தை செபம் பழக்கதோஷத்தில் தானாக ஓடியது. மோனிகாவும் சேர்ந்துகொண்டாள். செபம் முடிந்தது. இனிக் கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும். "தாயே, இந்தப் பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தாள். நாக்கு அங்கே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தாள். எதிரே, படிக்குக் கீழே, பீட்டர் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான். மஞ்சள் இறங்காத கண். ஐம்பத்திரண்டு கிலோ. அவள் ஊட்டி வளர்த்த ஐம்பத்திரண்டு கிலோ.

"இந்தப் பொண்ணுக்கு..." என்று மோனிகா அவள் பின்னாலேயே சொல்லிவிட்டு, அடுத்த சொல்லுக்காக அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"மோனிகா டேவிட்!" என்று ஜன்னலிலிருந்து நோராவின் குரல் வந்தது.

மோனிகா எழுந்தாள். பிடித்த கையை விடவில்லை. இழுத்த இழுப்பில் லூர்துமேரியும் எழுந்து கூடவே நடந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நோரா சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூக்கு நுனியில் இருந்த கண்ணாடியை மேலே தள்ளினாள். வாயைத் திறந்தவள், முதலில் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல், மோனிகாவையும் லூர்துமேரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.